ஆல்கஹால் மார்க்கர்: தீட்டுவதில் சுகமா, வாங்குவதில் சுகமா?

கரிக்கோடு:
நம் மன்றத்தின் கலரிங் பகுதியை மேலிருந்து கீழே ஒரு முறை உருட்டிப் பாருங்கள். தீட்டிய படத்தைவிட மார்க்கர் பெட்டிதான் அதிகம். புது செட் வந்தது, ஸ்டாண்டில் அடுக்கியாயிற்று, ஒவ்வொரு நிறத்தையும் தீட்டிப் பார்க்கும் ஸ்வாட்ச் அட்டை நிரப்பியாயிற்று, அப்புறம் "இன்னும் எந்த நிறம் வாங்கலாம்?" என்று ஒரு கேள்வி. தீட்டி முடித்த பக்கம் எங்கே?

என் கட்சி இதுதான்: ஆல்கஹால் மார்க்கர், அதாவது ஆல்கஹாலில் கரைந்த மை உள்ள நிறப்பேனா, தீட்டும் ஆசையை வாங்கும் ஆசையாக மாற்றிவிடுகிறது. இது ஆட்களின் குணத்தால் வருவதில்லை, கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. கலர் பென்சிலில் அழுத்தத்தை மாற்றினால் ஒரே பென்சில் பல சாயல் தரும். நீர்வண்ணத்தில் தண்ணீர் கூட்டினால் வெளிறும், இரண்டைக் குழைத்தால் மூன்றாவது பிறக்கும். மார்க்கரில் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் நிறம் ஒன்றுதான். வெளிர் நீலம் வேண்டுமா, அதற்கு ஒன்று வாங்கு. நடு நீலமா, இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஏதாவது வேண்டுமா, அதற்கும் ஒன்று. காப்பிக் என்ற மார்க்கர் பிராண்டின் ஸ்கெட்ச் வரிசையில் 358 நிறம் இருப்பது தாராள மனசால் அல்ல.

இது போதாதென்று பின்பக்கம் ஊறுகிறது, கோட்டைத் தாண்டுகிறது, வெளிச்சத்தில் மங்குகிறது. எதற்கு இத்தனை கொண்டாட்டம்? மாற்றுக்கருத்து உள்ளவர்கள் வரலாம்.

மைப்பித்து:
வந்துவிட்டேன் சார். "நிறம் ஒன்றுதான்" என்பதிலேயே தகராறு. முதல் பூச்சு காய்ந்ததும் அதே மார்க்கரை மேலே ஓட்டுங்கள், ஒரு படி இருளும். மை ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் மஞ்சள் மேல் வெளிர் நீலம் ஓட்டினால் பச்சை வரும். கலப்பது தட்டில் நடக்காமல் தாளிலேயே நடக்கிறது, அவ்வளவுதான்.

கொண்டாட்டம் எதற்கு என்று கேட்டீர்கள். பெரிய பரப்பு ஒன்றை, ஒரு வானத்தையோ நீளமான பாவாடையையோ, கலர் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். மணிக்கட்டு வலிக்கும், தாளின் சொரசொரப்பு வெள்ளைப் புள்ளியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதை மறைக்க இன்னும் நாலு அடுக்கு. மார்க்கரில் தூரிகை போல வளையும் முனையான பிரஷ் நிப்பை வைத்து இழுத்தால் நிறம் தாளுக்குள் இறங்கிச் சமமாகப் படிகிறது. புள்ளி இல்லை, துகள் உதிர்வதில்லை, கை பட்டால் தேய்வதில்லை. ஈரமாக இருக்கும்போது திட்டுத்திட்டாகத் தெரிந்த இடம் காயக் காயத் தானாகச் சமனாவதைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து உட்காருகிறவளுக்கு அது பெரிய விஷயம்.

பிளெண்டிங், அதாவது ஒரு நிறத்தை இன்னொன்றில் எல்லை தெரியாமல் கலக்கும் சுகம் தனி. சாயம் ஆல்கஹாலில் கரைந்திருக்கிறது. ஆல்கஹால் ஆவியானதும் சாயம் தாளில் தங்குகிறது, மறுபடி ஆல்கஹால் பட்டால் மறுபடி கரைகிறது. அதனால்தான் இருண்ட நிறத்தின் விளிம்பில் வெளிர் நிறத்தைத் தேய்த்தால் எல்லை காணாமல் போகிறது. நீர் சார்ந்த மார்க்கரில் இதைச் செய்யப் போனால் தாள் பிசிறு பிசிறாக உரியும்.

தாள்தின்னி:
இரண்டு பேரும் மார்க்கரைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறீர்கள். பேசுவது தாளைப் பற்றி.

கரிக்கோடு அண்ணன் சொன்ன புகாரில் பாதி, தவறான தாளில் சரியான பேனாவை வைப்பதால் வருவது. சாதாரண நகல் தாள் மையைக் குடித்துக்கொண்டே இருக்கும், பக்கவாட்டில் பரவும், பின்னால் ஊறும். மார்க்கர் தாளில் பின்பக்கம் மை கடக்காதபடி தடுப்புப் பூச்சு இருக்கிறது. மை மேலேயே நிற்பதால் நிறம் பளிச்சென்று இருக்கும், மையும் மிச்சம். ஆனால் நிறைய அடுக்கு தாங்காது. கார்டுஸ்டாக் என்ற வழவழப்பான கனத்த அட்டைத்தாள் நேர்மாறு. மையை உள்ளே வாங்கி ஈரத்தைச் சற்று நேரம் பிடித்துவைக்கும். பிளெண்டிங் அருமையாக வரும், மை மட்டும் வேகமாகத் தீரும். நீர்வண்ணத் தாளில் மட்டும் வேண்டாம். பிரஷ் நிப் பிய்ந்து துடைப்பமாகிவிடும்.

கோடு தாண்டுவதற்கும் வழி உண்டு. கோடு வரை போகாதீர்கள், மயிரிழை முன்னால் நிறுத்துங்கள். மிச்சத் தூரத்தை மையே நடந்துகொள்ளும்.

கரிக்கோடு:
தம்பி, தாளை நான் தேர்ந்தெடுத்தால் நீ சொல்வது சரி. கலரிங் புத்தகத்தில் தாளைத் தேர்ந்தெடுப்பது பதிப்பாளர். பல புத்தகங்களில் இரண்டு பக்கமும் படம். இடையில் ஒரு அட்டையைச் செருகினால் அடுத்த தாள் தப்பும், இதே தாளின் முதுகில் இருக்கும் படம் தப்புமா? ஒன்றைத் தீட்டினால் இன்னொன்று பலி. ஒரு மயிலுக்காக ஒரு யானையைக் கொன்ற அனுபவம் இங்கே பலருக்கும் இருக்கும்.

மைப்பித்து அம்மா, மஞ்சள் மேல் நீலம் பூசினால் பச்சை, ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பச்சை என்பது பூசி முடித்த பிறகுதான் தெரியும். மூடியில் இருக்கும் நிறமும் தாளில் விழும் நிறமும் ஒத்துப்போவதே அபூர்வம். பென்சிலில் அழிப்பானாவது இருக்கிறது.

நிழல்_நீலம்:
நான் வரைபட வேலையில் இருப்பவள், பிழைப்புக்கே மார்க்கர் பிடிப்பவள். இந்தக் கருவி யாருக்காக வந்தது என்பதைச் சொன்னால் பாதிச் சண்டை குறையும்.

பழைய மார்க்கர்களில் சைலீன் போன்ற கரைப்பான்கள் இருந்தன. நாற்றம் ஒருபுறம், நகல் எடுத்த கோட்டின் மேல் ஓட்டினால் நகல் எந்திரத்தின் மைத்தூளான டோனர் கரைந்து படம் கறுப்பாக இழுபடும். காப்பிக் 1987இல் ஜப்பானில் வந்தபோது அதன் பெருமையே நகல் எடுத்த கோட்டைக் கரைக்காது என்பதுதான். வடிவமைப்பாளர் ஒரு கோட்டுப்படம் வரைவார், பல நகல் எடுப்பார், ஒவ்வொன்றிலும் வேறு நிறம் தீட்டி வாடிக்கையாளர் முன் வைப்பார். வேகமாகக் காய வேண்டும், கோடு கலையக் கூடாது, நாளைக்கு அதே நிறம் மறுபடி அப்படியே வர வேண்டும். கடைசி விஷயம் முக்கியம். குழைத்த நிறத்தை இரண்டாம் முறை அச்சு மாறாமல் கொண்டுவருவது கடினம். 358 நிறம் கரிக்கோடு சாருக்கு வியாபாரத் தந்திரமாகத் தெரிகிறது, எனக்கு அது அகராதி. அகராதியை யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிப்பதில்லை.

மயில், யானை விவகாரத்துக்கும் விடை இதிலேயே இருக்கிறது. புத்தகத்தில் நேராகத் தீட்டாதீர்கள். உங்களுக்கென்று ஒரு நகல் கார்டுஸ்டாக்கில் எடுத்துத் தீட்டுங்கள். எல்லா அச்சும் எல்லா மையையும் தாங்கும் என்று நம்ப வேண்டாம், ஓரத்தில் ஒரு சோதனை போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கையால் கோடு போடுகிறவர்கள் நிறமி மை (கரையாத நிறத்துகள் உள்ள மை) கொண்ட லைனர் என்ற மெல்முனைப் பேனா எடுங்கள், நன்றாகக் காயவிடுங்கள். பால்பாயின்ட் பேனாக் கோடும் பெர்மனென்ட் மார்க்கர் கோடும் ஆல்கஹால் பட்டால் அழுது வடியும்.

கரிக்கோடு:
நீங்கள் தொழில்காரர். படம் ஸ்கேன் ஆகிவிட்டால் உங்கள் கடமை முடிந்தது. மூலத்தாள் வெளுத்தால் என்ன, கிழிந்தால் என்ன? இங்கே இருப்பவர்கள் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகத் தீட்டிச் சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டுகிறார்கள். மார்க்கர் மையில் இருப்பது சாயம், நிறமி அல்ல. சாயம் வெளிச்சத்தில் சிதையும். கலர் பென்சிலுக்கு ஒளி தாங்கும் திறனைச் சொல்ல ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் டி6901 என்று ஒரு தரக்குறிப்பே இருக்கிறது, காரன் டாஷ் லூமினன்ஸ் போன்ற பென்சில்கள் அதைச் சொல்லித்தான் விற்கப்படுகின்றன. மார்க்கர்காரர்கள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

மைப்பித்து:
எல்லாப் பென்சிலும் லூமினன்ஸ் இல்லையே சார். பென்சிலிலும் பல இளஞ்சிவப்பும் ஊதாவும் வெளிச்சத்துக்கு ஓடிவிடும். ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் திரைச்சீலையே வெளுக்கிறது. மூலத்தை ஆல்பத்தில் வைத்துவிட்டு நிறமி மையில் எடுத்த அச்சை மாட்டலாம்.

சாயம் என்பதால்தான் அந்தப் பளிச். நிறமி என்றால் துகள், சாயம் முழுக்கக் கரைந்திருக்கிறது. அந்தக் கண்ணாடித் தெளிவும் வேண்டும், நூறு வருஷம் நிலைக்கவும் வேண்டும் என்றால் நடக்காது. எனக்குத் தெளிவு போதும்.

முதல்தாள்:
வணக்கம், புதியவன். சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி கேட்கலாமா? தீட்டினால் எனக்குப் பட்டை பட்டையாக வருகிறது. வாசனை தலைவலி தருகிறது என்று மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துத்தான் தீட்டுகிறேன். அப்புறம், முதலில் எத்தனை நிறம் வாங்கலாம்?

தாள்தின்னி:
பட்டைக்குக் காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். முதல் இழுப்பின் விளிம்பு காய்வதற்குள் அடுத்த இழுப்பு அதைத் தொட வேண்டும். காய்ந்த விளிம்பின் மேல் ஏறினால் அந்த இடம் மட்டும் இரட்டைப் பூச்சு, அதுதான் பட்டை. காற்று நேரே தாளில் அடித்தால் தொடுவதற்குள் காய்ந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், விசிறியைத் தாளிலிருந்து திருப்பிவையுங்கள். காற்றோட்டம் அறைக்குத்தான் வேண்டும், தாளுக்கு வேண்டாம். தாளில் நீளமாக இழுப்பதற்குப் பதில் சின்னச் சின்ன வட்டமாக, ஈர விளிம்பை விடாமல் நகருங்கள்.

நிழல்_நீலம்:
எத்தனை நிறம் என்பதற்கு: ஒரே குடும்பத்தில் மூன்று வாங்குங்கள், மூன்று குடும்பத்தில் ஒவ்வொன்று வேண்டாம். காப்பிக் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் எளிது. பி24 என்றால் பி நீலக் குடும்பம், 2 என்பது நிறம் எவ்வளவு தூய்மை, எவ்வளவு சாம்பல் கலந்தது என்பதைக் காட்டும், 4 என்பது எவ்வளவு இருண்டது என்பது. முதல் எண் ஒன்றாக இருந்து கடைசி எண் இரண்டு மூன்று தள்ளி இருந்தால், பி21, பி24, பி26 மாதிரி, வழுக்கிக்கொண்டு கலக்கும். வேறு பிராண்டில் எண் முறை வேறு, ஆனால் வெளிர், நடு, இருள் என்ற கணக்கு அதேதான். கூடவே சாம்பலில் இரண்டு. நிழலைச் சாம்பலில் முதலில் போட்டு மேலே நிறத்தை ஓட்டினால், நிறத்துக்கு ஒரு இருள் மார்க்கர் என்று தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. இரட்டை முனை உள்ளதைப் படுக்கை வாட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் மை ஒரே முனைக்கு இறங்கும்.

கரிக்கோடு:
பார்த்தீர்களா, தொழில்காரரே ஐந்துக்குள் அடக்கிவிட்டார்! நான் சொல்வதும் அதுதான். ஆனால் பெரும் செட் வாங்கியவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். அந்த மலிவுச் செட்டுகளில் பாதிக்கு ரீஃபிலும் கிடையாது, நிப்பும் மாற்ற முடியாது. உங்களுக்குத் தோல் நிறம் முதலில் தீரும், தீர்ந்தபின் தனியாக வாங்க வழியில்லை, முழுச் செட்டையும் மறுபடி வாங்கு. தொடாத பச்சை முப்பது இரட்டிப்பாகும்.

மைப்பித்து:
இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். ரீஃபில் இல்லாத மார்க்கர் எனக்கும் ஆகாது. ஆனால் முதல்தாள் தம்பி, அந்த ஐந்தோடு ஒரு கலர்லெஸ் பிளெண்டரும் எடுத்துக்கொள்.

தாள்தின்னி:
அய்யோ, அதை மட்டும் வாங்காதே. பெயரில்தான் பிளெண்டர். உள்ளே சாயமில்லாத கரைப்பான். நிறத்தைக் கலக்காது, தள்ளும். இரண்டு நிறத்துக்கு நடுவே ஓட்டினால் வெளுத்த திட்டு விழும். கலக்க வேண்டுமென்றால் அந்த இரண்டில் வெளிர் நிறத்தையே எடு.

மைப்பித்து:
தள்ளுவதற்காகத்தானே வாங்கச் சொல்கிறேன்! கோடு தாண்டிய மையை உள்ளே தள்ளலாம், வெளிர் நிறத்தை ஒன்றுமில்லாமல் மறைய வைக்கலாம், படத்தில் இருண்ட நிறத்தில் தீட்டிய துணியின் மேல் புள்ளி வைத்தால் பூ டிசைன் வரும். கரிக்கோடு சார் கேட்ட அழிப்பானுக்கு மிக நெருங்கியது இதுதான்.

கரிக்கோடு:
சரி, பேசியது போதும். இந்தப் பகுதியில் ஒரு பந்தயம் வைப்போம். ஆறே மார்க்கர், ஒரு முழுப் பக்கம், வானம் கட்டாயம் இருக்க வேண்டும். தீட்டிய பக்கத்தை மட்டும் பதிவேற்ற வேண்டும், பெட்டியின் படம் கூடாது. நான் ஆறு பென்சிலோடு வருகிறேன்.

மைப்பித்து:
ஒப்புக்கொண்டேன். பிளெண்டர் நிறமில்லாதது, ஆகவே அது ஆறில் சேராது.

தாள்தின்னி:
சேரும்.

மைப்பித்து:
சேராது. அப்படியானால் சாரின் அழிப்பானையும் எண்ணுங்கள்.

மட்டுறுத்துநர்:
பிளெண்டர் சேரும், அழிப்பானும் சேரும். வெள்ளை ஜெல் பேனா கேட்டு இரண்டு பேர் எனக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறீர்கள், அதுவும் சேரும். பந்தயத்துக்குத் தனித் திரி திறந்திருக்கிறேன், எல்லோரும் அங்கே வாருங்கள்.