அப்பாகிட்ட மட்டும் யாருமே கேக்கல

வணக்கம், பட்டர்வொர்த்ல இருந்து எழுதுறேன். அப்பாவுக்கு 81 வயசு, ரொம்ப வருஷமா இனிப்புநீர் (சர்க்கரை வியாதி), இருதயமும் வீக். கிட்னி வேலை 11 சதவீதத்துக்கு எறங்கிருச்சுன்னு சொன்ன அன்னைக்கு டாக்டர் எங்கிட்டயும் தம்பிகிட்டயும்தான் இங்கிலீஷ்ல பேசுனாரு, அப்பா பக்கத்துலயே உக்காந்து சுவத்து கேலண்டரப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

வீட்டுக்கு வந்தா தம்பி உடனே டயாலிசிஸ், அதான் மிஷின்ல ரத்தத்த சுத்தம் பண்றது, ஆரம்பிக்கணும்ங்கறான், அக்கா வேணவே வேணாங்குது, ரெண்டு வாரம் இதே சண்டை. ஒரு ராத்திரி காலுக்கு தைலம் தேய்ச்சுவிடும்போது நானே கேட்டேன், உங்களுக்கு என்னப்பா வேணும்னு. ரொம்ப நேரம் கழிச்சு, "கொஞ்ச நாள் மிஷின்ல போட்டா கிட்னி சரியாயிருமாம்மா?"ன்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. அது குணமாக்காதுப்பா, வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம், நிறுத்தாம போய்க்கிட்டே இருக்கணும்னு அன்னைக்குத்தான் தமிழ்ல உக்காந்து சொன்னேன்.

அடுத்த அப்பாய்ன்மெண்ட்ல அவரே கேட்டாரு, போட்டா எப்படி இருப்பேன், போடலன்னா எப்படி இருப்பேன்னு, தமிழ் தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தங்க எடுத்துச் சொன்னாங்க. இந்த வயசுல, இந்த இருதயத்தோட, மிஷின்ல போட்டாலும் ஆயுசு பெருசா கூடும்னு சொல்ல முடியாதுன்னு டாக்டரும் ஒளிக்காம சொன்னாரு. போடலன்னா கைவிட்டுர்றதில்ல, வீக்கம், அரிப்பு, கொமட்டல் எல்லாத்துக்கும் மருந்து, ரத்தம் ஊற ஊசி, அதெல்லாம் நடக்கும்னாரு. அப்பா வேணாம்னுட்டாரு. காலையில கோயிலுக்கு நடந்து போகணும், பேத்திய ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும், அது போதும்னாரு. 9 மாசம் இருந்தாரு, கடைசி 3 வாரம்தான் படுக்கை. தம்பிக்கு இன்னும் மனசு ஆறல.

———

அக்கா, நான் கோலாலம்பூர், செந்தூல். எங்க வீட்டுல நேர்மாறு. அம்மாவுக்கு 72, மிஷின்ல போட்டா செத்துருவாங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னத நம்பி ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன்னாங்க. என்ன பயம்னு பொறுமையா கேட்டப்பதான் தெரிஞ்சது, சாவ விட ஊசிக்கும் ஒவ்வொரு தடவையும் யாராச்சும் காருல ஏத்திட்டுப் போகணுமேங்கறதுக்கும்தான் அதிகமா பயந்திருக்காங்க. வயித்துல ட்யூப் வச்சு வீட்டுலயே தண்ணி மாத்துற டயாலிசிஸ் இருக்குன்னு நர்ஸ் காட்டுனதும் அம்மாவே சரின்னாங்க. ஒரு நாளைக்கு 4 தடவை, ஒவ்வொண்ணும் அரை மணி நேரம் போல. கை கழுவாம அந்த ரூம்புக்குள்ள என்னயக்கூட விடமாட்டாங்க, கிருமி போனா வயித்துல இன்ஃபெக்‌ஷன் ஆயிரும்ல. இத எழுதும்போது மூணாவது தண்ணிப் பைய மாட்டிட்டு சீரியல் பாத்துக்கிட்டு இருக்காங்க.