பல்லாங்குழி விதி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல நாலு பேர், நாலு நேரத்துல சாப்பாடு. அவருக்கு ஷிஃப்ட், பையனுக்கு டியூஷன், பொண்ணு தட்டைத் தூக்கிட்டு ரூமுக்குள்ள போயிடுவா.

போன வாரம் ராத்திரி ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்ல. பரண்ல எமர்ஜென்சி லைட்டைத் தேடினா, அத்தையோட பழைய பல்லாங்குழிப் பலகை கைக்கு வந்துச்சு. சோழியைக் காணோம், அதனால புளியங்கொட்டை. 14 குழி, குழிக்கு அஞ்சு, மொத்தம் 70. பொண்ணு தோத்துட்டு, "இன்னொரு ஆட்டம்"னு அவங்க அப்பா சட்டையைப் பிடிச்சு இழுத்தா. கரண்ட் வந்தும் யாரும் எழுந்திரிக்கல. (பையன் மட்டும் ஓடிப்போய் போனை சார்ஜ்ல போட்டுட்டு வந்தான்!)

இப்ப தினமும் ஒன்பதரைக்கு ஆட்டம். ஆனா சண்டை தீரல. அத்தை இருந்திருந்தா ஒரே வார்த்தையில முடிச்சிருப்பாங்க.

ஒரு குழியில நாலு சேர்ந்தா 'பசு', சரி. அதை எடுக்க வேண்டியது அந்தக் குழிக்குச் சொந்தக்காரரா, காயைப் போட்டவரா? காலிக் குழியைத் துடைச்சு அடுத்த குழியை அள்ளும்போது, எதிர்க் குழியையும் சேர்த்து அள்ளலாமா? அவர் அள்ளுறார், அவங்க ஊர்ல அப்படித்தானாம். எனக்கு நம்பிக்கை இல்ல.

அப்புறம், ரெண்டு பேர் ஆடும்போது மத்த ரெண்டு பேர் மறுபடி போனைத் தேடுறாங்க. தாயம் நாலு பேர் ஆடலாம். கட்டம் வரையத் தெரிஞ்சவங்க ஒரு படம் போடுங்க, ப்ளீஸ். பித்தளைத் தாயக்கட்டை எங்க கிடைக்கும்னும் சொல்லுங்க.