கலைச்சொல் உதவி: குழுவில் ஒத்துப்போகாமல் மறுப்பவருக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர்:

நண்பர்களுக்கு வணக்கம். குழுவாக முடிவெடுப்பது பற்றிய உளவியல் பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஏழாம் இயலை அனுப்பியாக வேண்டும். இரண்டு சொற்களில் சிக்கிக்கொண்டேன்.

ஒன்று, ‘டெவில்ஸ் அட்வகேட்’. மறுத்துப் பேசுவதற்கென்று குழுவே அமர்த்தும் ஆள். சொல்வதை அவர் நம்ப வேண்டியதில்லை. மற்றது, ‘டிஸென்டர்’. யாரும் கேட்காமலே, தான் அப்படி நினைப்பதால் மறுப்பவர். கூட்டம் முடிந்த பின்னும் விடமாட்டார். இவரை யாருக்கும் பிடிக்காது.

இரண்டாமவரை முதல் வரைவில் ‘விதண்டாவாதி’ என்று எழுதிவிட்டேன். திரும்பப் படித்தபோது மனசு ஒப்பவில்லை. இயல் முழுவதும் அவர் பக்கம் நின்று பேசுகிறது. நான் வைத்த பெயரோ அவர் வாயைத் திறக்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

தமிழாசிரியர்:

தம்பி, அதை நீக்க நினைப்பது சரி. விதண்டை, வாதமுறைகளை வகுத்த நியாயம் என்ற தருக்க நூலாரின் கலைச்சொல். உண்மை காணப் பேசுவது வாதம். வெல்லப் பேசுவது சற்பம். தனக்கென்று ஒரு கொள்கையை நாட்டாமல் பிறர் கொள்கையை மறுப்பது மட்டுமே விதண்டை. நீங்கள் சொல்கிறவருக்குக் கொள்கை இருக்கிறது, அதனால்தானே வம்பு!

வள்ளுவரிடமே சொல் இருக்கும்போது எங்கே தேடுகிறோம்? ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்.’ இடிப்பார் என்றே வையுங்கள். இடித்தல் என்பது நொறுக்குவது மட்டுமன்று. உலக்கை தானியத்தை இடிப்பது அழிக்க அல்ல, பயன்படுத்த. வானத்து இடியும் அந்த வேர்தான் என்பது என் கருத்து. மழைக்கு முன் வரும் எச்சரிக்கை அது.

சொல்லாய்வு நண்பர்:

‘முரணர்’ என்பது என் பரிந்துரை. ‘மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே’ என்பது தொல்காப்பியம். அங்கே முரண் தொடைகளில் ஒன்று, செய்யுளைக் கட்டுகிற உறுப்பு. சங்கப் பாடல்களில் முரணுக்கு வலிமை என்ற பொருளும் உண்டு. முரண், முரடு, முருடு மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்று நினைக்கிறேன். முருடு என்றால் எளிதில் பிளக்காத மரக்கட்டை. அப்புறம் முரசு இருக்கிறது…

உளவியல் ஆசிரியை:

ஐயா, முரசுக்குப் பிறகு வருவோம். ‘இடிப்பார்’ என்று நான் வகுப்பில் சொன்னால் நெரிசலில் இடிக்கிறவரைத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள். குறள் தெரிந்த பிள்ளையும் அப்படித்தான் நினைக்கும். ‘முரணர்’ காதுக்கு முரடர் போலவே விழுகிறது. அந்த மனிதருக்கு ஏற்கெனவே இருக்கும் கெட்ட பெயர் போதாதா? ‘மாற்றுரையாளர்’ எப்படி?

தமிழாசிரியர்:

மாற்றி உரைப்பவர் என்று பிரித்தால் பேச்சு மாறுகிறவர் ஆகிவிடுவார் அம்மா. இவர் பேச்சு மாறாததுதானே எல்லாருக்கும் தலைவலி? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறுக்கிற எல்லாரும் உத்தமர்கள் அல்லர். சிலர் தவறாகவே பேசுவார்கள், அதையே திரும்பத் திரும்பப் பேசுவார்கள். அவர்களுக்கும் சேர்த்தா மரியாதையான சொல் தேடுகிறோம்?

மொழிபெயர்ப்பாளர்:

ஆமாம் ஐயா, அவர்களுக்கும் சேர்த்துத்தான். இந்த இயலை மொழிபெயர்க்கும்போது என்னை மிகவும் பாதித்த இடம் அதுதான்.

உளவியலாளர் சாலமன் ஆஷின் கோடுகள் சோதனை தெரிந்திருக்கும். மூன்று கோடுகளில் எது, காட்டிய கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். பார்த்தாலே தெரிகிற விடை. ஆனால் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும், முன்பே பேசிவைத்தபடி, ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். அந்த அழுத்தத்தில் 36.8 விழுக்காடு விடைகள் தவறாகப் போயின. சரியான விடையைச் சொல்ல ஒரே ஒரு துணை இருந்தால் பிழை கால்பங்காகக் குறைந்தது. இதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். 1955ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆஷ் இன்னொன்றும் சொல்கிறார். துணைக்கு வந்தவர் கூட்டத்தைவிடவும் தவறான விடையைச் சொன்னபோதும் பிழை 9 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. அவர் சொன்னது தப்பு. ஆனாலும் ‘எல்லாரும்’ என்ற சுவரில் அவர் போட்ட ஓட்டை வழியாக இன்னொருவர் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்ல முடிந்தது.

இரண்டு சொற்களையும் ஒன்றாக்கிவிடலாம் என்று ஒரு நண்பர் தனியே எழுதியிருந்தார். கூடாது. உளவியலாளர் சார்லன் நெமத்தும் உடன் ஆய்ந்தவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வே இந்த இரண்டு பேரையும் ஒப்பிட்டதுதான். உண்மையாக மறுத்தவர் குழுவின் சிந்தனையை விரித்த அளவுக்கு, வேடமாக மறுத்தவர் விரிக்கவில்லை. நமக்குப் பிடித்தவர் வேடக்காரர். கூட்டம் முடிந்ததும் சிரித்துக்கொண்டே நம்மோடு வந்துவிடுவார். உதவுகிறவரோ நமக்குப் பிடிக்காத மற்றவர்.

‘இடிப்பார்’ எனக்கும் பிடித்த சொல்தான் ஐயா. ஆனால் அந்தக் குறள் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் வருகிறது. அங்கே இடிப்பவர் மன்னனே மதித்துச் சேர்த்துக்கொண்ட பெரியவர். நம் ஆளை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. வயதிலும் பதவியிலும் சின்னவராக இருக்கலாம்.

சொல்லாய்வு நண்பர்:

முதற்சொல்லான ‘டெவில்ஸ் அட்வகேட்’ பற்றி ஒரு செய்தி. கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதர் பட்டத்துக்கு எதிராக வாதாட ஒருவரை அமர்த்தும் பதவி, 1587இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் காலத்தில் முறைப்படுத்தப்பட்டது. 1983இல் இரண்டாம் யோவான் பவுல் செய்த சீர்திருத்தத்தில் அதன் பங்கு வெகுவாகச் சுருங்கியது. லத்தீனில் அந்தப் பதவியின் முறையான பெயர் விசுவாசத்தை வளர்ப்பவர் என்றே பொருள்படும். மக்கள் வைத்த பெயர்தான் சாத்தானின் வழக்கறிஞர். மறுப்பவனுக்குச் சாத்தான் பெயர் சூட்டுவது எல்லா மொழியிலும் நடக்கிறது. நாம் ஏன் மொழிபெயர்த்துத் தொடர வேண்டும்?

தமிழாசிரியர்:

இது நியாயம். சரி, நன்னூலுக்குப் போவோம். நூலாசிரியர் கொள்ளும் எழுவகை மதத்தில், அதாவது கொள்கைகளில், முதலாவது உடன்படல், இரண்டாவது மறுத்தல். உடன்படலுக்கு அடுத்த இருக்கையை மறுத்தலுக்குக் கொடுத்திருக்கிறார் பவணந்தியார். ‘மறுப்பாளர்’ போதுமே.

உளவியல் ஆசிரியை:

காலநிலை மாற்றத்தை ஏற்காதவர்களை இப்போது ‘மறுப்பாளர்’ என்று எழுதுகிறார்கள் ஐயா. மெய்யை மறுப்பவர் என்ற வாடை ஒட்டிவிட்டது. ‘மறுப்புரையாளர்’ என்றால் உரை நடுவில் வந்து கொஞ்சம் காப்பாற்றும். அமர்த்தப்பட்டவர் ‘நியமன மறுப்புரையாளர்’, மற்றவர் ‘உளமார்ந்த மறுப்புரையாளர்’. நீளம்தான், ஆனால் கேட்டதும் புரியும்.

சொல்லாய்வு நண்பர்:

நியமனம் வடசொல்.

உளவியல் ஆசிரியை:

‘பொறுப்பு மறுப்புரையாளர்’ என்று மாற்றிப் பார்த்தேன். பொறுப்புத் துறப்பு போலக் கேட்கிறது. நியமனமே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:

நேற்றிரவு வரை எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘மறுப்புரையாளர்’ பக்கம். மூவர் ‘எப்படியோ முடியுங்கள்’ என்றார்கள். அதையும் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். இயலை இன்று காலை அனுப்பிவிட்டேன். ‘விதண்டாவாதி’ பதினான்கு இடங்களில் இருந்தது, எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். இடிப்பாரையும் முரணரையும் அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.

சொல்லாய்வு நண்பர்:

அடிக்குறிப்பில் அல்ல, இயலின் தலைப்பில் இருக்க வேண்டிய சொல் முரணர். இரண்டாம் பதிப்பின்போது மறுபடி எழுதுவேன்.