சிஜே-3பி ஜீப்புக்கு எந்த டயர், எந்தக் கிரவுன் பினியன்?

பேரையூர் ஜீப்:
அண்ணன்மாருக்கு வணக்கம். தாத்தா ஓட்டிய மஹிந்திரா சிஜே-3பி ஜீப்பைப் பிரித்துத் திரும்பக் கட்டுகிறேன். பெட்ரோல் ஹரிக்கேன் இன்ஜின், மூன்று கியர் டி-90 பாக்ஸ். இன்ஜின் வேலை முடிந்தது. ஆக்ஸில் இரண்டையும் இன்னும் திறக்கவில்லை. ஓடப்போவது பெரும்பாலும் பேரையூர்ப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில். திருமங்கலம் வழியாக அவ்வப்போது மதுரை. அப்புறம் சிறுமலை ஏற வேண்டும். தம்பி 31 இன்ச் அகல டயர் கேட்கிறான். மெக்கானிக், 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இன்ஜின் கத்துமே, கிரவுன் பினியனை (ஆக்ஸிலுக்குள் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடி) மாற்று என்கிறார். இன்னொன்று: முன்பெல்லாம் ஃபோர் வீல் போட்டால் லிவர் இறுகிக்கொண்டு திரும்ப எடுக்கவே வராது. என்ன செய்யலாம்?

போடி ஏலத்தோட்டம்:
6.00-16 நைலான் டயர் (6 இன்ச் அகலம், 16 இன்ச் ரிம்), பட்டன், அதாவது துருத்தின ரப்பர் கட்டை, வைத்தது. வேறு யோசனையே வேண்டாம். போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளைப் பாருங்கள், அகல டயரா போட்டிருக்கிறார்கள்?

மதுரை பட்டறை:
தம்பி, முதலில் உங்கள் மண்ணைப் பாருங்கள். கரிசல் நனைந்தால் மேலே ஒரு சாண் களி, அடியில் ஓரளவு இறுகின தரை. ஒல்லி டயர் அந்தக் களியை வெட்டிக்கொண்டு இறங்கி அடித்தரையைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே வழுக்கும். பட்டனுக்கு இடையே நல்ல இடைவெளி இருந்தால்தான் ஒட்டின மண் சுற்றும்போது தெறித்துப் போகும். நெருக்கமான பட்டன் என்றால் கொஞ்ச தூரத்திலேயே மண் அப்பி மொழுக்கட்டை ஆகிவிடும். அகலம் உதவுவது மணலில். உங்களுக்கு மணல் இல்லை.

31 இன்ச் டயருக்கு உங்கள் ஸ்டீயரிங்கும் டிரம் பிரேக்கும் தாங்காது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி. சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது தோளும் காலும் சொல்லும்.

இப்போது கியர். இந்த வண்டிக்கு வந்தது 8/43: பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 5.38 சுற்று. 6.00-16 டயரோடு டாப் கியரில் 2500 சுற்றுக்கு ஏறத்தாழ 63 கிலோமீட்டர் வேகம். 8/39 போட்டால் 69, 11/47 போட்டால் 79. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதல் கியரில், டிரான்ஸ்ஃபர் கேஸில் (கியர் பாக்ஸிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) லோ போட்டு ஊர்வதற்கு இப்போது மொத்தம் 37-க்கு 1 கிடைக்கிறது, அதாவது இன்ஜின் 37 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. 11/47-ல் அது 29 ஆகிவிடும். மூன்றே கியர் உள்ள பெட்ரோல் வண்டியில் அதை நான் ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொஞ்சம் வேகம் வேண்டுமென்றால் 7.00-16 போடுங்கள். உயரம் கூடுவதால் 5.38 என்பது 5.0 மாதிரி நடந்துகொள்ளும், ஆக்ஸில் ஹவுசிங்கைத் திறக்கவே வேண்டாம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் ஸ்பிரிங்கில் உரசுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த லிவர் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. எதையும் வாங்குவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஃபோர் வீலை எடுத்துவிட்டு, பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டை. அதை விட்டால்தான் சுற்றும், அதனால் தரையிலுள்ள மூன்று சக்கரத்துக்கும் கல் வைப்பது கட்டாயம். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள் (மறு சக்கரம் நிற்பதால் இரண்டு சுற்றுக்குத்தான் கிரவுன் ஒரு சுற்று). ஷாஃப்ட் ஐந்தும் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலும் சுற்றினால் 8/43. ஐந்தைத் தொடாமல் நின்றால் 8/39. முன்னாலும் இதேபோல்.

பேரையூர் ஜீப்:
அண்ணே, எண்ணிவிட்டேன். பின்னால் ஐந்தே கால் தாண்டி நிற்கிறது. முன்னால் ஐந்தே வரவில்லை! திரும்பத் திரும்பச் சுற்றியும் அப்படித்தான்.

மதுரை பட்டறை:
அதுதான் தம்பி. எப்போதோ யாரோ வேறு வண்டியின் முன் ஆக்ஸிலை மாட்டியிருக்கிறார்கள். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும், அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, அந்த முறுக்கு முழுதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இறங்கும். சேறாக இருந்தால் டயர் வழுக்கிச் சமாளிக்கும், தார் ரோட்டில் லிவர் இறுகத்தான் செய்யும். முன்பக்கத்துக்கு 8/43 செட் தேடுங்கள். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வாங்க வேண்டும், இரண்டிலும் ஒரே ஜோடி எண் அடித்திருக்கும், பார்த்து எடுங்கள். பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விடும் சிறு இடைவெளி) வைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸையும் திறந்து பல்லைப் பார்த்துவிடுங்கள்.

போடி ஏலத்தோட்டம்:
நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே தேய்மானமாக இருக்கட்டும். டியூப் டயர் என்பதால் சேற்றுக்காகக் காற்றை ரொம்ப இறக்கிவிடாதீர்கள், ரிம்மில் டயர் நழுவி வால்வு அறுந்துவிடும்.

பேரையூர் ஜீப்:
சரி அண்ணே. 6.00-16 போட்டுவிடுகிறேன். தம்பியிடம் 37-க்கு 1 கணக்கைக் காட்டினேன், ஒத்துக்கொண்டான். முன்பக்கம் 8/43 ஜோடி கிடைத்ததும் எண்ணைப் படம் எடுத்துப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.