செங்கோலுக்கு மேடை உண்டு, நெல்லுக்கு?

மன்னை_செல்வம்:
2023 ஏப்ரல் தொடக்கத்தில் ஒரத்தநாடு பக்கத்து வடசேரி, மத்திய அரசின் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் இருப்பதாகச் செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கினார்கள். அடுத்த மாதமே, மே 28 அன்று, திருவாவடுதுறை ஆதீனத்தை டெல்லிக்கு அழைத்துப் சோழர் மரபு என்று சொல்லிப் புதிய நாடாளுமன்றத்தில் செங்கோலை நிறுவினார்கள். டெல்லியை மட்டும் சொல்லவில்லை. 2010 செப்டம்பரில் ராஜராஜ சோழன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடிய மாநில அரசுதான் 2011 ஜனவரியில் டெல்டா நிலத்தடியில் மீத்தேன் எரிவாயு எடுக்கும் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டது. சோழன் பெயரைச் சொன்னால் போதும், நிலத்தை என்ன செய்தாலும் கேட்க மாட்டார்கள் என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்கள்.

குடந்தை_தமிழாசிரியர்:
செல்வம், இதை ஏற்க முடியாது. பண்பாட்டைப் பேசுவது வயிற்றை மறக்கடிக்கும் வேலை என்றால் 1967 தேர்தலுக்கு என்ன சொல்வீர்கள்? இந்தி எதிர்ப்பும் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துதான் காங்கிரஸை இறக்கின. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று பேசியவர்கள்தான் தமிழையும் பேசினார்கள். மீத்தேனுக்கு எதிராக ஊர் ஊராகக் கூடியதும் இந்த மண்ணின் மேல் இருந்த பெருமிதத்தால்தான்.

நாகை_கடைமடை:
ஐயா, ஆட்சி மாறிய மறு வருஷமே, 1968 டிசம்பர் 25-ல், கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். கூலி உயர்வு கேட்ட ஜனங்கள். நியாயக் கூலிச் சட்டம் 1969-ல்தான் வந்தது.

குடந்தை_தமிழாசிரியர்:
வந்ததா இல்லையா? நில உச்சவரம்பை 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைத்ததும் 1970-ல் அதே ஆட்சிதான்.

நாகை_கடைமடை:
அந்த உச்சவரம்பு கோயில், மடத்து நிலங்களைத் தொடவில்லை. செங்கோலைப் பற்றி அத்தனை தலைவர்கள் பேசினார்கள். மடத்து நிலத்தில் குத்தகைப் பாக்கியோடு நிற்பவனைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்கவில்லை.

மன்னை_செல்வம்:
போன குறுவையில் எங்கள் ஊர் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைத் தூக்கினால் அடிநெல்லில் வெள்ளையாக முளை. ஈரப்பத மீட்டர் 21 சதவீதம் காட்டியது. 17-க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். தளர்வு கேட்டு மாநிலம் கடிதம் எழுத வேண்டும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்க வேண்டும், அப்புறம்தான் உத்தரவு. அதுவரை நெல் தாங்குமா?

குடந்தை_தமிழாசிரியர்:
அந்த வேதனையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் விழாவை நிறுத்தச் சொன்னால் எதிர்ப்பேன். ராஜராஜன் பிறந்த நாளான சதய விழா ஐப்பசியில் வருகிறது, குறுவை நெல் நனைவதும் அப்போதுதான். அரசு விழா என்பதால் அமைச்சர்கள் தஞ்சாவூர் வருவார்கள். டெல்டாவுக்கு ஈரப்பத வரம்பை நிரந்தரமாக உயர்த்த டெல்லியிடம் வாதாடுங்கள் என்று அங்கேயே மனு கொடுப்போம். நானும் வருகிறேன்.

நாகை_கடைமடை:
மனுவில் குத்தகைப் பாக்கித் தள்ளுபடியும் இருக்குமா?

மன்னை_செல்வம்:
அதைச் சேர்த்தால் எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் கையெழுத்துப் போட மாட்டார்கள். தனி மனுவாகக் கொடுக்கலாமே.

நாகை_கடைமடை:
தனி மனு என்றால் நான் வரவில்லை. சங்கத்தில் பேசிவிட்டுச் சொல்லுங்கள்.