ஏற்காடு கேம்ல காசு எக்கச்சக்கமா சேந்துருது, எப்டி பேலன்ஸ் பண்றது?

கொண்டைஊசி20:
வணக்கம் மக்களே, நான் சேலம், அஸ்தம்பட்டி பக்கம். ஒரு வருஷமா தனியா உக்காந்து கோடாட்ல (கேம் செய்ற சாஃப்ட்வேர்) ஒரு 2டி அட்வெஞ்சர் கேம் பண்ணிட்டிருக்கேன். கதை சிம்பிள் தான், ஒரு பையன் அடிவாரத்துல இருந்து ஏற்காட்டுக்கு நடந்தே ஏறணும், 20 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு ஒரு லெவல், வழியில மூடுபனி, காட்டெருமை, பாழடஞ்ச எஸ்டேட் பங்களான்னு போகும்.

பிரச்சன காசுல. ரெண்டாவது வளைவு இருட்டு, லாந்தர் இல்லாம போக முடியாது, வெல 180. அங்க போய் சேர 10 நிமிஷம் கூட ஆகாது, அதுக்குள்ள யார்கிட்டயும் 180 சேரல, திரும்ப எறங்கி வந்து புதர் வெட்டிட்டு திரியிறாங்க. கடைசில பாத்தா அப்டியே தலகீழ். சித்தி பையன ஆட விட்டேன், அஞ்சு மணி நேரத்துல முடிச்சான், மொத்தம் 9,400 காசு சம்பாரிச்சிருக்கான், கடையில இருக்குற எல்லாத்தையும் அள்ளிட்டு வந்தாலே 2,150 தான். மீதிய வச்சிகிட்டு "இத என்னண்ணா பண்றது"ங்கறான். ஹெல்த்துக்கு தட்டுவடை செட் 5 காசுன்னு வச்சேன், ஒருத்தன் தொடல.

எல்லா வரவையும் பாதியாக்கிரலாமான்னு யோசிக்கிறேன். ஆனா அப்டி பண்ணா லாந்தர் இன்னும் எட்டாது. என்ன பண்ணலாம்?

பழைய_கேசட்:
பாதியாக்காதீங்க ப்ரோ. நானும் என் மொத கேம்ல அதான் பண்ணேன், ஆடுறவங்களுக்கு எரிச்சல் வந்தது தான் மிச்சம். காசு எங்கெருந்து வருதுன்னு தனித்தனியா எழுதுங்க. அப்பறம் வெலைய காசுல யோசிக்காதீங்க, நிமிஷத்துல யோசிங்க, இந்த பொருள வாங்க எத்தன நிமிஷம் ஆடணும்னு. ஒரு நிமிஷத்துக்கு சராசரியா எவ்ளோ கெடைக்குது உங்க கேம்ல?

கொண்டைஊசி20:
புதர், பொட்டி, சின்ன சின்ன வேல எல்லாம் சேத்து நிமிஷத்துக்கு 8 வருது. இது போக மேல எஸ்டேட்ல மொளகு மூட்ட 40க்கு கெடைக்கும், கீழ டவுன்ல 65க்கு விக்கலாம், ஒரு தடவ 10 மூட்ட தூக்கலாம். முடிச்ச வளைவுக்கு பஸ்ல போலாம், ஃபாஸ்ட் டிராவல், ஃப்ரீ தான். போய்ட்டு வர 2 நிமிஷம்.

பழைய_கேசட்:
ஆங், இங்க தான் இருக்கு ஓட்ட. மூட்டைக்கு 25, பத்து மூட்டைக்கு 250, அப்டின்னா மொளகுல மட்டும் நிமிஷத்துக்கு 125. ஒழுங்கா ஆடுனா கேம் 4 மணி நேரம்னு வைங்க, 240 நிமிஷம், எட்டால பெருக்குனா 1,920, உங்க கடை 2,150, அது கரெக்டா தான் இருக்கு! அவன் சேத்த 9,400ல மீதி 7,480, அது கிட்டத்தட்ட 30 மொளகு நடை. உங்க சித்தி பையன் ஒரு மணி நேரம் காட்டெருமைகிட்ட சண்ட போடாம பஸ்ல போய்ட்டு வந்துட்டிருந்திருக்கான் 😂

பெரிய கம்பெனிங்களுக்கே இது நடக்கும். 2015ல விட்சர் 3 கேம் வந்தப்ப ஆரம்ப ஊர்லயே மாட்ட வெட்டி தோல வித்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்தா மாடு திரும்ப வந்துரும், மறுபடி வெட்டி வித்துன்னு ஆளுங்க காசு சேத்தாங்க. அப்டேட்ல என்ன பண்ணாங்கன்னா, ரொம்ப மாடு வெட்டுனா பெரிய ராட்சசன் ஒருத்தன் வந்து அடிப்பான். சிரிச்சிட்டே அடச்ச ஓட்ட அது.

லாந்தர் தனி கேசு. 180ன்னா 22 நிமிஷத்துக்கு மேல, ஆனா தேவப்படுறது பத்தாவது நிமிஷத்துல. 60னு வைங்க, ஏழெட்டு நிமிஷத்துல சேந்துரும்.

லீபஜார்_மளிகை:
கேம் எல்லாம் என் பையன் தான் ஆடுவான், மொளகுன்னு பேர பாத்து உள்ள வந்தேன். லீ பஜார்ல மொத்த வியாபாரம் பாக்குறேன் தம்பி. 65ங்கறது மொத மூட்டைக்கு சரி, பத்தாவது மூட்டைக்கும் எவன் 65 குடுப்பான்? சரக்கு எறங்க எறங்க வெல எறங்கும், வாங்குறவன் கல்லாவுலயும் அளவா தான் காசு இருக்கும், காலையில வித்தவனே சாயந்தரம் இன்னொரு லோடு கொண்டாந்தா "போய்ட்டு ரெண்டு நாள் கழிச்சு வாப்பா"ன்னு தான சொல்லுவோம். அப்பறம் லோடு ஏத்துற கூலி, வண்டி வாடக, எதுவுமே இல்லாம மலையில இருந்து மூட்ட வருதா உன் ஊர்ல? எனக்கும் அந்த ஊர்ல ஒரு கட போட்டு குடு.

பழைய_கேசட்:
அண்ணன் சொன்னது தான் சரி. ஸ்கைரிம் கேம்ல சாதா மளிகைக் கடக்காரன்கிட்ட 750 தங்கம் தான் இருக்கும், அது தீந்தா நம்ம சரக்கு விக்காது, கேம் கணக்குல ரெண்டு நாள் போனா தான் கல்லா ரொம்பும். உங்களுக்கு நான் சொல்றது: மூட்டைக்கு 4 காசு வெல எறங்கட்டும், 65, 61, 57னு. ஏழாவது மூட்ட 41, அதோட நிறுத்திக்கணும், எட்டாவது நட்டம். ஏழு மூட்டைக்கு மொத்த லாபம் 91, பஸ்ஸுக்கு ஒரு வழிக்கு 15ன்னா போக வர 30, கையில நிக்கிறது 61. அடுத்த வளைவ முடிச்சா தான் வெல திரும்ப ஏறணும். ஒரு வளைவு சராசரியா 12 நிமிஷம், அதுல சாதா வரவு 96, மொளகு 61. கூடுதல் வருமானமா இருக்கும், அதுவே கேமா ஆயிராது.

மேலூர்க்காரி:
நான் ஏற்காடு தாங்க, மேல தான் வீடு. எல்லாரும் சேந்து அந்த பையன் பொழப்புல மண்ணள்ளி போடுறீங்களே, அவன் தனியா தான ஆடுறான், அவன் பணக்காரன் ஆனா யாருக்கு என்ன நட்டம்? ஆன்லைன் கேம்ல காசு பெருத்தா அடுத்தவனுக்கு வெல ஏறும், டயாப்லோ 2ல தங்கத்துக்கு மதிப்பே இல்லாம போயி ஆளுங்க ஒரு மோதிரத்த வச்சு பண்டமாத்து பண்ணாங்க, அது வேற பிரச்சன. இங்க பிரச்சன காசு ஜாஸ்தி ஆனது இல்ல, அவன் "இத என்ன பண்றது"ன்னு கேட்டான் பாருங்க, அது தான். அவனுக்கு ஆச படுற மாதிரி ஒண்ணுமே நீங்க வைக்கல.

1986ல வந்த மொத செல்டா கேம்ல அம்பு விட்டா அம்புக்கு ஒரு ரூபி (அந்த கேமோட காசு) போகும், காச தான் வில்லுல வச்சு விடுறோம், பையிலயும் 255க்கு மேல நிக்காது. அதே செல்டா வரிசைல பின்னாடி வந்த ப்ரெத் ஆஃப் த வைல்டுல 3,000 ரூபியும் 30 கட்டு வெறகும் குடுத்தா ஒரு வீடு, தேவதைங்கள எழுப்ப 100, 500, 1,000, கடைசி தேவதைக்கு 10,000. அந்த பத்தாயிரத்துக்காக நான் ரெண்டு ஞாயித்துக்கிழம சமச்சு சமச்சு வித்துருக்கேன், ஒரு நிமிஷம் கூட வீண்னு தோணல. நீங்களும் பாழடஞ்ச பங்களா வச்சிருக்கீங்கல்ல, அத வெலைக்கு வாங்க விடுங்க. ஓடு மாத்த இவ்ளோ, ஜன்னலுக்கு இவ்ளோ, சில்வர் ஓக் மரத்துல மொளகு கொடி ஏத்த இவ்ளோன்னு.

ரீஸ்பான்:
செத்தா கையில இருக்குற காச அங்கயே போட்டுட்டு வர்ற மாதிரி வைங்க, ஹாலோ நைட் கேம் மாதிரி. தானா கொறையும்.

மேலூர்க்காரி:
அய்யோ சாமி வேணாம். அது அந்த கேமோட கஷ்டத்துக்கு செட் ஆகும். இங்க மூடுபனில வழி தெரியாம விழுந்து சாகுறதுக்கு காசும் போச்சுன்னா ஃபோன தூக்கி கிளியூர் அருவில போட்டுருவாங்க.

பழைய_கேசட்:
ஹாஹா ஒத்துக்குறேன். தட்டுவடைய மறந்துட்டோமே, அது ஏன் ஓடல?

கொண்டைஊசி20:
சண்ட முடிஞ்சா ஹெல்த் தானா ஏறிரும்ண்ணா, அதனால தான்னு இப்ப தான் ஒறைக்கிது 🤦 தானா ஏறுறத தூக்கிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு சொல்றேன். லாந்தர் 60 ஆக்கியாச்சு. மொளகு வெல எறங்குற மாதிரி பண்ணிட்டேன், கல்லாவுல 400க்கு மேல இருக்காது. பங்களா 600, ரிப்பேர் தனித்தனியா, எல்லாம் சேத்து 1,400 வருது. சித்தி பையன் திரும்ப ஆடுனான், கடைசில 130 காசு மிச்சம், ஜன்னல் கண்ணாடி மட்டும் மாத்தல, அதுக்கு 150. மூணு தட்டுவடை செட்டு கொறச்சு தின்னுருந்தா வாங்கிருக்கலாம்னு பொலம்புனான், நாலு செட்டுடான்னு சொன்னேன். பஸ்ல ஏன் டிக்கெட் கேக்குறாங்க, பையன் ஸ்கூல் யூனிஃபார்ம்ல தான இருக்கான்னு வேற கேட்டான். அதுக்கு பதில் இல்ல என்கிட்ட.

லீபஜார்_மளிகை:
பாஸ் குடுத்துரு தம்பி. ஆனா மூட்டைக்கு லக்கேஜ் போடு.