சூறைக்காற்றுக் காலம்: புதிதாக வந்துள்ள தம்பிகளுக்கும் குடும்பங்களுக்கும்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

கஜா புயலைக் கண்டவர்கள் நாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையைக் கடந்தபோது, மணிக்கு 120 கிலோமீட்டர் வரை வீசிய காற்றில் நம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்பதை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, சிங்கப்பூர்க் காற்றைப் பற்றி எச்சரித்தால் "இதெல்லாம் ஒரு காற்றா அண்ணே?" என்று நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அண்மையில் வேலைக்கு வந்திருப்பவர்களிடம் இந்த அலட்சியம் சற்று மிகுதியாகவே தெரிவதால் இம்மடலை எழுதுகிறேன்.

ஊர்ப் புயலுக்கு அவகாசம் உண்டு. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவான நாளிலிருந்தே தொலைக்காட்சிச் செய்தி, துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு, தண்டோரா என்று தகவல் வந்துகொண்டிருக்கும். கூரையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டவும், மாடுகளை மேட்டுக்கு ஓட்டவும் பொழுது கிடைக்கும். இங்கே அப்படியில்லை. சுமத்ராத் தீவிலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் திரளும் இடிமேகங்கள் ஒரே வரிசையாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் காலை வேளையிலும் சிங்கப்பூரைக் கடந்து செல்கின்றன. ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை இதற்குரிய காலம். மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று மழைக்கு முன்னதாகவே தரையில் பரவி வந்துவிடுவதால், புழுக்கமாக இருந்த இடத்தில் திடீரென்று சில்லென்று முகத்தில் அடித்தால், ஒதுங்குவதற்கு மிஞ்சியிருப்பவை சில நிமிடங்களே.

வேகத்தையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். வழக்கமாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும் இக்காற்று, 2024 செப்டம்பர் 17 அன்று மாலையில் தீவின் மேற்குப் பகுதியிலுள்ள தெங்காவில் 83.2 கிலோமீட்டரைத் தொட்டது. தீவெங்கும் மரங்கள் சாய்ந்தும் கிளைகள் முறிந்தும் விழுந்தன. அதே தெங்காவில் 1984 ஏப்ரல் 25 அன்று பதிவான 144.4 கிலோமீட்டர்தான் சிங்கப்பூரில் பதிவான ஆக அதிக வேகம். கஜாவோடு ஒப்பிட விரும்புகிறவர்கள் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கட்டுமானத் தளத்தில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். "மழை வரட்டும், இறங்கிக்கொள்ளலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது, ஏனெனில் காற்றுதான் முதலில் வருகிறது. சாரத்தைச் சுற்றிக் கட்டிய வலையும் கேன்வாசும் பாய்மரம்போல் காற்றை வாங்கும். கட்டாமல் அடுக்கிய ஒட்டுப்பலகையும் தகரமும் பறக்கும். மேற்கே வானம் கறுக்கும்போதே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, பலகைகளைக் கட்டி, கீழே இறங்குங்கள். கிரேனில் சுமை தொங்கும்போது அதன் அருகே நிற்காதீர்கள். பயந்தவன் என்று யாராவது கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் குடைபோல் விரிந்திருப்பதால் அவற்றின் கீழ் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒதுங்குவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. ஊறிய மண்ணில் வேர் பிடி தளர்ந்திருக்கும்போது அந்த விரிந்த தலைப்பகுதியே மரத்துக்குப் பாரம். மின்னலுக்கும் அது நல்ல இடமன்று. மின்னல் கண்டு முப்பது வினாடிக்குள் இடி கேட்டால், அது பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள் வந்துவிட்டது என்று பொருள். திடலில் கிரிக்கெட் ஆடுபவர்கள் அந்த ஓவரை முடிக்கக் காத்திராமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் இருப்போர் வெளிப்புறம் திறக்கும் சன்னல்களைக் காற்று எழும் முன்பே சாத்தித் தாழிடுங்கள். அத்தகைய சன்னல்களில் அலுமினிய ரிவெட்டுகளை அகற்றித் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளைப் பொருத்த வேண்டும் என்பது 2004 முதல் சட்டம். வாடகைக்கு இருப்பவர்கள் சன்னலைத் திறந்து, சன்னல் சட்டகத்தைத் தாங்கும் கம்பியின் இரு முனைகளிலும் உள்ள ரிவெட்டுகளைப் பார்த்து, ஐயமிருந்தால் வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள். மூங்கில் கழியில் காயும் துணி நனைந்தால் மறுபடி அலசிக்கொள்ளலாம். ஈரத்தில் கனத்த கழியை இழுக்கச் சன்னலுக்கு வெளியே எட்டிக் குனியாதீர்கள். தாழ்வாரத் திட்டின் மேல் வைத்திருக்கும் துளசித் தொட்டி உட்படப் பூந்தொட்டிகள் எல்லாம் இந்த வாரமே தரைக்கு இறங்கட்டும்.

பெருங்கால்வாய்களில் நீர் சட்டென்று ஏறும் என்பதால் மழையில் அவற்றின் ஓரமாக நடக்க வேண்டாம். கைப்பேசியில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி (myENV) செயலியை வைத்திருந்தால் கனமழை எச்சரிக்கை வரும். யாருக்கேனும் அடிபட்டால் ஆம்புலன்சுக்கு 995 என்ற எண்ணை அழையுங்கள்.

காற்று மேற்கிலிருந்து வருவதால் நாம் ஒருவருக்கொருவர் உதவ ஒரு வழியும் இருக்கிறது. மேற்கே துவாஸ், ஜூரோங் பக்கம் பணிபுரிவோர், பத்திரமான இடத்துக்குப் போன பிறகு, நம் வாட்ஸ்அப் குழுவில் "காற்று வந்துவிட்டது" என்று ஒரு வரி போடுங்கள். கிழக்கே தெம்பனிஸ், சாங்கி பக்கம் இருப்பவர்கள் அதைக் கண்டதும் சாரத்திலிருந்து இறங்குவதற்கு அந்த இடைவெளி போதும். அந்நேரத்தில் குழுவில் வேறு வாழ்த்துப் படங்கள் எதையும் அனுப்ப வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சங்கச் செயலாளர்